டீமேக்கர் ஐயா சப்பாத்துக் கழற்றாத நாள்

போன மாதம் உங்கள் இருவரையும் பழைய ஸ்டோருக்குக் கூட்டிக்கொண்டு போனேன் அல்லவா? வாசலில், முனியின் கல்லடியில் ஒரு சோடி மண்ணிறச் சப்பாத்து இருந்ததைப் பார்த்தீர்கள். தோல் வெடித்து, தையல் பிரிந்து, இரண்டிலும் மழைத்தண்ணீர் நிறைந்திருந்தது. பெரியவன், "இது யாரோட சப்பாத்துப்பா? ஏன் யாரும் எடுக்கல?" என்று கேட்டான். "பிறகு சொல்றேன்" என்றேன். உங்கள் அத்தை, "கேள்வியெல்லாம் அப்புறம். செருப்பக் கழட்டிட்டு உள்ளுக்குப் போங்க" என்றாள். சின்னவள் உள்ளே வரவில்லை. சப்பாத்துக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளும் ஒரு கேள்வி கேட்டாள். அதற்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் இதில் எழுதி வைக்கிறேன். நான் ஒன்பதாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவன். பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

தேயிலைத் தொழிற்சாலையை நம் ஆட்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அதற்குள் பச்சைக் கொழுந்து தேயிலையாகும் வரை எல்லாவற்றுக்கும் பொறுப்பான உத்தியோகத்தர்தான் டீமேக்கர். எங்கள் டீமேக்கர் ஐயா ஒல்லியான மனிதர். வெயில் காலத்திலும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையைக் கழற்ற மாட்டார். மனைவி காலமாகி, பிள்ளைகளும் இல்லாமல், ஸ்டோருக்கு மேலே இருந்த குவாட்டர்ஸில் தனியாக இருந்தார். காலையில் இறங்கி வந்ததும் வாசலில் நிற்பார். அங்கேதான் ரோதை முனி இருக்கிறது. பார்த்தீர்களே, சந்தனம் பூசிய ஒரு கல், பக்கத்தில் ஓர் இரும்புச் சூலம், அவ்வளவுதான். ரோதை என்பது கொழுந்தை அரைத்துச் சுருட்டும் பெரிய சக்கரம். அந்தச் சக்கரத்துக்குள் முனி இருக்கிறது என்றும், அதற்கு விளக்கு வைக்காமல் சக்கரத்தைச் சுற்றக்கூடாது என்றும் நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக நம்பி வந்தார்கள். ஐயா விளக்கை ஏற்றுவார். சப்பாத்தைக் கழற்றி, முனைகள் வெளியே பார்க்கும்படி கல்லடியில் ஒன்றாக வைப்பார். பிறகு வெறுங்காலோடு உள்ளே போவார். வாசலில் சப்பாத்து இருந்தால் ஐயா உள்ளே வேலையாக இருக்கிறார் என்று அர்த்தம். அதைப் பார்த்ததும் லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்த பிள்ளைகள்கூட வாசலில் சத்தம் போட மாட்டார்கள்.

நான் அப்போது ரோதை அறையில் கொழுந்து கொட்டும் வேலையில் இருந்தேன். ரோதைகள் ஓடத் தொடங்கினால் சீமெந்துத் தரை முழுவதும் அதிரும். அந்த அதிர்வு உள்ளங்காலில் ஏறி, முழங்கால் வழியாக வயிற்றுக்கு வரும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் குமட்டும். பழகிவிட்டால் வீட்டில் படுக்கும்போது தரை சும்மா கிடப்பதுதான் வித்தியாசமாக இருக்கும். ஐயா தன் பிளேன்டீக் கிளாஸை யன்னல் கட்டையில் வைத்திருப்பார். அதில் தேநீர் ஓயாமல் வட்டம் வட்டமாக ஆடிக்கொண்டிருக்கும். கரையில் ஒரு வட்டம் பிறந்து நடுவில் போய் மறையும். மறையுமுன் இன்னொன்று பிறந்துவிடும். "காதால கேட்டா சந்தேகம் வரும் தம்பி. கால வச்சுப் பாரு, தெரிஞ்சிரும்" என்பார். சக்கரம் எங்கேயாவது இழுத்துக்கொண்டு ஓடினால் அது அவருடைய காலுக்குத்தான் முதலில் தெரியும்.

பிறகு ஸ்டோரை மூடினார்கள். நட்டம் என்றார்கள். மோட்டார்களையும் வார்ப்பட்டிகளையும் கழற்றி லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சக்கரங்கள் மட்டும் அப்படியே நின்றன. கொழுந்து எடுத்த மலைகள் காடேறின. லயத்துக்கு ஒரு பிள்ளையாவது கொழும்புக்கு வீட்டு வேலைக்கோ கடை வேலைக்கோ போனது. நான் ஓட்டோ ஒன்றை எடுத்து ஹட்டன் ஸ்டாண்டில் போட்டேன். உங்கள் அத்தையின் மகள், நீங்கள் அக்கா அக்கா என்று தேடுவீர்களே, அவள் அப்போதுதான் படிப்பை விட்டுவிட்டுக் கொழும்பில் ஒரு வீட்டுக்குச் சமையலுக்குப் போனாள். ஸ்டோர் திறந்தால் மகளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்பதுதான் அத்தைக்கு இருந்த ஒரே நினைப்பு. டீமேக்கர் ஐயாவும் வேறு இடத்துக்குப் போகவில்லை. குவாட்டர்ஸிலேயே இருந்துகொண்டு, வெள்ளிக்கிழமைகளில் முனிக்கு விளக்கு வைத்து, ஓடாத சக்கரங்களுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் நாட்டின் தலைவர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். அவர் பெயரை நான் எழுதவில்லை. அது இந்தக் கதைக்கு வேண்டியதில்லை. நாட்டில் மூடிக் கிடக்கும் ஸ்டோர்களையும் மில்களையும் மறுபடி திறக்கப் போகிறோம் என்று டீவியில் தினமும் சொன்னார்கள். வெளிநாடுகள் உதவின. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட உண்டியல் குலுக்கிக் கொடுத்தார்கள். ஒருநாள் எங்கள் ஸ்டோர் வாசலில் சாரம் கட்டி வெள்ளை பூச ஆரம்பித்தார்கள். ரோட்டில் இருந்து பார்த்தால் தெரியும் முன்பக்கத்துக்கு மட்டும்தான் பூச்சு. பின்பக்கத் தகரம் துருவோடு அப்படியே கிடந்தது. "பொண்ணு பாக்க வர்றவனுக்கு மூஞ்சி மட்டும் கழுவின மாதிரி இருக்கு" என்று அத்தை சிரித்தாள். ஆனால் அன்றைக்கே மகளுக்குப் போன் பண்ணி, "உடுப்பெல்லாம் கட்டி வச்சுக்க" என்று சொல்லியும் விட்டாள்.

ஐயாவைக் கூப்பிட்டுப் பேசிய அதிகாரிகள் என்ன சொன்னார்கள் என்பதை அவரே பிற்பாடு எனக்குச் சொன்னார். மோட்டார் இன்னும் வரவில்லை, வந்துகொண்டிருக்கிறது, ஆனால் தலைவர் வருகிற நாளை மாற்ற முடியாது. அன்றைக்கு ஒரு நாள் சமாளித்துக் கொடுங்கள். உங்களுக்குச் சரிவராது என்றால் சொல்லுங்கள், பக்கத்துத் தோட்டத்துக்குக் கொடுத்துவிடுகிறோம். ஐயா கீழே லயங்களைப் பார்த்தாராம். பிறகு தலையை ஆட்டினாராம். தலைவர் வருவதற்கு முந்திய நாள் பாதுகாப்புக்கு வந்தவர்கள் வாசலில் கம்பளம் விரித்தார்கள். முனியின் கல் நடுவில் நின்றது. அவர்களில் ஒருவர் சூலத்தைக் காட்டிச் சிங்களத்தில், "மேக்க அயின் கரன்ன" என்றார். இதை எடுத்துவிடு என்பது அர்த்தம். யாரும் கை வைக்கவில்லை. கடைசியில் ஐயாதான் தோளில் கிடந்த துண்டை விரித்து, கல்லையும் சூலத்தையும் அதில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்னால் விறகுக் கொட்டகையில் வைத்தார்.

தலைவர் வந்த அன்று மூட்டம் தரை வரை இறங்கியிருந்தது. ஹெலிகொப்டர் சத்தம் கேட்டதே தவிர ஒன்றும் தெரியவில்லை. பிறகு மூட்டத்துக்குள் இருந்து வெள்ளை உடுப்புக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். பழைய ரோதை அறை ஆட்கள் சிலரை உள்ளே நிற்க விட்டார்கள். நானும் ஒருவன். பழக்க தோஷத்தில் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போயிருந்தேன். சக்கரங்களுக்கு நீலப் பெயின்ட் அடித்து, உள்பாகம் தெரியாத அளவுக்குப் பூமாலைகளால் மூடி, அடியில் சுற்றிவரப் பூச்சட்டிகளை நெருக்கி வைத்து, கிட்டே போகாதபடி கயிறு கட்டியிருந்தார்கள். தலைவர் ஒரு பிடி கொழுந்தைப் போட்டார். கடதாசியைப் பார்த்துத் தமிழில் ஒரு வரி வாசித்தார்: "உங்கள் ரோதை இனி நிற்காது." கைதட்டல் அடங்கியதும் பொத்தானை அழுத்தினார்.

சத்தம் வந்தது. அதே சத்தம். எத்தனையோ வருஷம் என் காதுக்குள் இருந்த அதே ரோதைச் சத்தம், ஒரு சுற்றுக்கு ஒருமுறை வரும் அந்த முனகலோடு. வெளியே பெண்கள் குலவை போட்டார்கள். அத்தை வாய்விட்டு அழுதது எனக்கு உள்ளே கேட்டது. ஆனால் என் கால் தரையில் இருந்தது. தரை சும்மா கிடந்தது. குளிர்ந்து, அசைவில்லாமல், செத்துக் கிடக்கும் ஒன்றின் மேல் ஏறி நிற்பது போல இருந்தது. தலைவருக்கு வெள்ளித் தட்டில் தேநீர் கொடுத்தார்கள். அவர் எடுக்காத கோப்பை ஒன்று மேசையில் இருந்தது. அதில் தேநீர் கண்ணாடி மாதிரி நின்றது. அவ்வளவு பெரிய சத்தத்துக்குள் அந்தக் கோப்பை மட்டும் ஆடவே இல்லை. ஐயாவைத் தேடினேன். தலைவருக்குப் பக்கத்தில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு நின்றார். குனிந்து அவர் காலைப் பார்த்தேன். சப்பாத்துப் போட்டிருந்தார். அந்த ரோதை அறைக்குள் ஐயாவைச் சப்பாத்தோடு நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். பார்த்துவிட்டு என் வெறுங்காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பின்னேரம் அத்தையிடம் சொன்னேன். "அக்கா, தரை அதிரல." அவள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஓட்டோ ஓட்டி ஓட்டி ஒனக்குக் கால் மரத்துப்போச்சு. புது மிஷின் அப்படித்தான் இருக்கும். நல்ல நாளும் அதுவுமா வாயக் கழுவு." எனக்கும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று ஆசை. ஆகவே பேசாமல் ரொட்டியைத் தின்றுவிட்டு ஹட்டனுக்குப் போய்விட்டேன்.

நம் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஸ்டோர் நின்று மறுபடி ஓடினால் முதல் அரைப்பில் தன் கைக் கொழுந்தும் சேரவேண்டும் என்று ஒவ்வொரு பெண்ணும் நினைப்பாள். யாரும் வேலைக்குக் கூப்பிட்டிருக்கவில்லை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுக்கவுமில்லை. ஆனால் சத்தம் கேட்டுவிட்டதே, அது போதாதா? மறுநாள் விடியும் முன்பே அத்தையும் மற்றப் பெண்களும் காடேறிக் கிடந்த மலைக்குள் புகுந்து, ஆள் உயரச் செடிகளை வளைத்து வளைத்துக் கொழுந்து எடுத்திருக்கிறார்கள். சாக்குச் சாக்காக முதுகில் சுமந்து கொழுந்து மடுவத்தில், அதுதான் கொழுந்து நிறுக்கும் இடம், இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். கம்பளம் இல்லை, காவல் இல்லை, கதவு பூட்டியிருந்தது. கொழுந்து சாக்குக்குள் அடைந்து கிடந்தால் தானாகவே சூடேறும். மத்தியானம் ஆகும்போது அத்தை ஒரு சாக்குக்குள் கையை விட்டிருக்கிறாள். காய்ச்சல்காரக் குழந்தையின் வயிற்றைத் தொட்ட மாதிரி இருந்ததாம். எனக்குப் போன் பண்ணி, "உடனே வா" என்றாள்.

நான் போனபோது ஐயா பூட்டிய கதவுக்கு முன்னால் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வேகும் கொழுந்தின் வாசம் மூட்டத்தோடு கலந்து மூக்கை அடைத்தது.

"ஐயா, கதவத் தொறங்க. கொழுந்து வேகுது" என்றாள் அத்தை.

"இன்னைக்கு வேணாம்மா. வீட்டுக்குப் போங்க."

"நேத்து ஓடின மிஷினுக்கு இன்னைக்கு என்ன, வயித்துவலியா?"

யாரோ சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார்.

பூச்சட்டிகளையும் மாலைகளையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மோட்டார் இருந்த இடத்தில் நான்கு ஆணிகள் மட்டும் நின்றன. வார்ப்பட்டி இல்லை. சக்கரத்தில் நீலப் பெயின்ட் காய்ந்து, அதில் ஒரு பூச்சி ஒட்டிச் செத்திருந்தது. தலைவர் போட்ட ஒரு பிடி கொழுந்து அரைபடாமல், போட்ட இடத்திலேயே கறுத்துக் கிடந்தது. இளம்பெண் ஒருத்தி போனை எடுத்து, அந்தக் கறுத்த கொழுந்தையும், வெறும் ஆணிகளையும், வெளியே ஆவி பறக்கிற சாக்குகளையும் படம் பிடித்தாள். பிடிக்கும்போது அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "அப்ப நேத்து ஓடினது என்ன?"

அந்தக் கேள்வி நாடு முழுக்கப் போனது. பதில் எனக்கு ஹட்டனில் கிடைத்தது. அங்கே கலியாணத்துக்கும் திருவிழாவுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுக்கும் ஒரு முஸ்லிம் பெரியவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "தம்பி, அண்டைக்கு ஓடினது ஒங்கட மிஷின் இல்ல. என்ட பொக்ஸ். கலியாணத்துக்குன்டு சொல்லித்தான் வாங்கிட்டுப் போனாங்க. திரும்பி வந்து தட்டிப் பாத்தா உள்ளுக்கெல்லாம் தேயிலத் தூள். எந்தக் கலியாணத்துல தம்பி பொண்ணு மாப்பிளைக்குத் தேயிலத் தூள் தூவுறாங்க?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தன் கடைக்குள் இருந்த அந்தக் கறுப்புப் பெட்டிகளை ஒரு மாதிரியாகத் திரும்பிப் பார்த்தார். வேறோர் ஓடுகிற ஸ்டோரில் சத்தத்தைப் பதிவு பண்ணிக்கொண்டு வந்து போட்டிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வோர் ஊரிலும் ஆட்கள் போய்த் திறந்து பார்த்தார்கள். எங்கும் முன்பக்கம் மட்டும் வெள்ளை. உதவியாக வந்த பணம் எங்கே போனது என்று கேட்டு வலப்பனையில் இருந்தும் நோட்டன் பிரிட்ஜில் இருந்தும்கூட ஆட்கள் பஸ் பிடித்துக் கொழும்புக்குப் போய் ரோட்டில் உட்கார்ந்தார்கள். தலைவர் எல்லாம் பொய் என்றார். விசாரணைக் குழு ஒன்றைப் போட்டார்கள். முதல் சாட்சியாக எங்கள் டீமேக்கர் ஐயாவுக்கு அழைப்பு வந்தது.

இந்த நாட்களில்தான் லயத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. பொழுது சாயும் நேரத்தில் ஸ்டோருக்குள் ரோதை ஓடும் சத்தம் கேட்கிறது என்றார்கள். எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் லயத்து நாய்கள் எல்லாம் ஸ்டோர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, குரைக்காமல் உட்கார்ந்திருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு பின்னேரம் ஐயா என்னை ஸ்டோருக்குள் கூட்டிக்கொண்டு போனார். இருவரும் வெறுங்காலோடு ரோதை அறையில் நின்றோம். உடைந்த யன்னல் வழியாக மூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது.

"கால்ல ஏதாச்சும் தெரியுதா தம்பி?"

"இல்லீங்கய்யா."

"எனக்கும் கால்ல ஒண்ணும் இல்ல. ஆனா காதுல ஓடிக்கிட்டே இருக்கு. அன்னையில இருந்து நிக்கல. சாப்பிடும்போது, குளிக்கும்போது, ஒருத்தரு பேசும்போது அவங்க பேச்சுக்கு அடியில..." என்றார். பிறகு மெதுவாக, "இனி நிக்காதுன்னு சொன்னாருல்ல" என்றார்.

அவர் கேலிக்குச் சொன்னாரா, பயந்து சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. அந்த அறையைவிட்டு வெளியே வந்தால் போதும் என்று இருந்தது.

அதற்குள் அதிகாரி ஒருவர் வந்து ஐயாவிடம் பேசிவிட்டுப் போயிருந்தார். அன்றைக்கு மிஷின் ஓடியது, பிறகுதான் பழுதாகிக் கழற்றினோம் என்று சொன்னால் போதும், உண்மையான மோட்டார்கள் உடனே வரும் என்றாராம். விஷயம் லயத்துக்குத் தெரிந்துவிட்டது. அத்தையும் மற்றப் பெண்களும் குவாட்டர்ஸ் வாசலுக்குப் போனார்கள். நானும் போனேன். பூட்டிய கதவைத் திறக்க வைத்த அதே அத்தைதான் அன்றைக்கு ஐயா முன்னால் கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள்.

"ஒரு பொய்தானேங்கய்யா. சொல்லிருங்க. எம்மக அடுத்தவன் அடுப்படியில கெடக்கா. இவங்க பிள்ளைங்களும் அப்படித்தான். மோட்டார் வந்தா அதுக எல்லாம் திரும்பி வந்துருங்க. அவங்க அவ்வளவு பொய் சொல்லியிருக்காங்க, நீங்க ஒண்ணு சொன்னா மலையா சரிஞ்சிரும்?"

அத்தை சொன்னதில் பிழை இருக்கிறது என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை, பிள்ளைகளே. ஐயாவும் நினைத்திருக்க மாட்டார். கடைசியில், "அந்த மோட்டார் வந்து ஓடினா நான் எந்தக் காலோடம்மா உள்ளுக்குப் போறது?" என்று கேட்டார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீங்க போகாட்டிப் போங்க. எங்க பிள்ளைங்க போகும்" என்று அத்தை சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

மறுநாள் காலை ஐயாவை ஹட்டன் ஸ்டேஷனுக்கு நான்தான் ஓட்டோவில் கொண்டுபோனேன். கிளம்பும் முன் அவர் விறகுக் கொட்டகைக்குள் போய்த் துண்டில் சுற்றியிருந்த முனியைத் தூக்கி வந்து, பழைய இடத்திலேயே நட்டு விளக்கு வைத்தார். என்ன சொல்லப் போகிறார் என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. ரயில் ஏறும்போது மட்டும் தன் காதை விரலால் தட்டிக் காட்டி, தலையை ஆட்டினார். இன்னும் ஓடுகிறது என்று அர்த்தம்.

விசாரணையை டீவியில் காட்டினார்கள். அத்தையின் வீட்டில் லயமே கூடியிருந்தது. பெரிய மண்டபத்தில், பெரிய கதிரையில், ஐயா சின்னப் பிள்ளை மாதிரித் தெரிந்தார். அன்றைக்கு இயந்திரம் ஓடியதா என்று கேட்டார்கள். அவர் ஒலிவாங்கியைப் பார்த்து, "அன்னைக்கு நான் சப்பாத்தக் கழட்டலீங்க" என்றார். மொழிபெயர்ப்பவர் விழித்தார். மண்டபத்தில் சிரித்தார்கள். கேட்டவர் சலிப்போடு மறுபடி கேட்டார். "ஓடலீங்க. ஓடாதுன்னு தெரிஞ்சுதான் சப்பாத்தோட உள்ளுக்குப் போனேன்" என்றார் ஐயா. பேப்பர்களில் அந்த இரண்டாவது பதில்தான் வந்தது. ஆனால் நம் ஆட்களுக்கு முதல் பதிலிலேயே எல்லாம் முடிந்துபோனது. அவர் அதைச் சொன்னபோது அத்தையின் வீட்டில் வயதான ஒருவர் எழுந்து, தான் போட்டிருந்த செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார். அத்தை எழுந்துபோய் மகளுக்குப் போன் எடுத்தாள். "உடுப்பக் கட்டியிருந்தா அவுத்து வை" என்று சொல்வது கேட்டது.

அதன் பிறகு மற்ற ஊர்ச் சாட்சிகளும் பேச ஆரம்பித்தார்கள். கூட இருந்த அமைச்சர்களும் கழன்றுகொண்டார்கள். கொஞ்ச நாளில் தலைவர் பதவியை விட்டுப் போய்விட்டார். அவருடைய ஆளில்லாத அறையை டீவியில் காட்டினார்கள். திரைச்சீலை மட்டும் ஆடியது, மேசையில் பாதி குடித்த கோப்பை இருந்தது. ஹட்டனில் பட்டாசு வெடித்தார்கள். நானா எல்லோருக்கும் பால்தேநீர் வாங்கிக் கொடுத்தார். நம் லயத்தில் ஒருவரும் பட்டாசு வெடிக்கவில்லை. புதிதாக வந்தவர்கள் அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். மோட்டார் வரவில்லை. முன்பக்கத்து வெள்ளை மழையில் கரைந்து, இன்றைக்கு அதுவும் பின்பக்கம் மாதிரியே ஆகிவிட்டது.

ஐயா திரும்பி வந்தபோது யாரும் அவரைத் திட்டவில்லை. பேசவும் இல்லை. அது திட்டுவதைவிட மோசம். அத்தை அவரைக் கண்டால் வேறு பாதையில் போய்விடுவாள். அடுத்த மாரிக்கு அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் இருந்து வந்து படுத்தபடியே கிடந்தார். ஒருநாள் அத்தை எதுவும் சொல்லாமல் கஞ்சிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு குவாட்டர்ஸுக்கு ஏறிப் போனாள். பிறகு தினமும் போனாள். அங்கே நடந்ததை அவள்தான் எனக்குச் சொன்னாள்.

"இப்பவும் காதுல ஓடுதுங்களாய்யா?" என்று கேட்டாளாம்.

"இல்லம்மா. கொழும்புல அந்தப் பதில் சொன்ன உடனே நின்னுருச்சு" என்றாராம். பிறகு, "இப்பக் கால்லதான். படுத்துக் கெடக்கேன், உள்ளங்கால்ல ஓடுது. சத்தமே இல்லாம" என்றாராம். காய்ச்சலாக்கும் என்று நினைத்து அத்தை அவர் உள்ளங்காலில் எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறாள். தேய்க்கும்போது தன் உள்ளங்கையிலும் ஏதோ தெரிந்ததா என்று நான் கேட்டேன். அவள் அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

ஐயா காலமானதும் அவருடைய சாமான்களை எடுக்க யாரும் வரவில்லை. அத்தை அந்தச் சப்பாத்தை மட்டும் எடுத்து வந்து, முனியின் கல்லடியில், முனைகள் வெளியே பார்க்க வைத்தாள். வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைப்பதும் இப்போது அவள்தான். அவள் மகள் கடைசியில் கொழும்பிலேயே கலியாணம் முடித்து நின்றுவிட்டாள். தீபாவளிக்கு மட்டும் வருவாள்.

இனி நாம் போன அன்றைக்கு வருகிறேன். பெரியவன் ரோதை அறைக்குள் நின்று சத்தம் போட்டு எதிரொலி கேட்டுக்கொண்டிருந்தான். நான் அன்று நின்ற அதே இடத்தில் நின்றிருந்தேன். அப்போது சின்னவள் வெளியே இருந்து, "அப்பா, இங்க காத்தே இல்லியே. சப்பாத்துக்குள்ள தண்ணி ஏன் ஆடுது?" என்று கேட்டாள்.

வெளியே வந்து குனிந்து பார்த்தேன். மழை இல்லை. புல் நுனிகூட அசையவில்லை. இரண்டு சப்பாத்துக்குள்ளும் தண்ணீர் வட்டம் வட்டமாக ஆடிக்கொண்டிருந்தது. கரையில் ஒரு வட்டம் பிறந்து நடுவில் போய் மறைந்தது. மறையுமுன் இன்னொன்று பிறந்தது. நோட்டன் பிரிட்ஜ் பவர் ஹவுசுக்குத் தண்ணீர் போகும் குகை மலைக்குள் இருக்கிறது, அதனால் இருக்கும் என்று ஒருவர் எனக்குப் பிறகு சொன்னார். அந்தக் குகை நம் மலைக்குள் வருவதாக நான் கேள்விப்பட்டதில்லை. காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன். ஸ்டோருக்குள் ஒரு சத்தமும் இல்லை.

அத்தை ஈரச் சீமெந்தில் வெறுங்காலோடு நின்றிருந்தாள். அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் தன் காலைப் பார்த்தாள். பிறகு குனிந்து, இரண்டு சப்பாத்தையும் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டி, சேலைத் தலைப்பால் துடைத்து, முன்பு இருந்தது போலவே முனைகள் வெளியே பார்க்க வைத்தாள். உள்ளே கூவிக்கொண்டிருந்த பெரியவனைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"சத்தம் போடாம வாங்க, போவோம்" என்றாள். "ஐயா உள்ளுக்கு வேலையா இருக்காங்க."